செய்யுள் பாடத்தில் செய்யுளை எப்போது படிப்பது?

சாக்பீஸ் எழுதியது:

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த வாரம் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ், முருகனைக் குழந்தையாக வைத்துப் பாடியது. குமரகுருபரரின் செங்கீரைப் பருவப் பாட்டு. மனப்பாடப் பகுதி என்பதால் பக்கத்தைத் திருப்பியதுமே பிள்ளைகள் நட்சத்திரக் குறி போட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் கேள்வி வந்தது: "எத்தனை அடி எழுதணும் டீச்சர்?"

செம்பொ னடிச்சிறு கிண்கிணி யோடு சிலம்பு கலந்தாடத்
திருவரை யரைஞா ணரைமணி யொடுமொளி திகழரை வடமாட...

பாட்டில் நடப்பது இதுதான். தவழப் பார்க்கும் குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிறது. கவிஞர் காலில் தொடங்குகிறார். கிண்கிணி, சிலம்பு. அப்புறம் இடுப்பில் அரைஞாண். அப்புறம் சரிந்தாடும் தொந்தி. நெற்றியில் பொட்டும் சுட்டியும், காதில் குண்டலமும் குழையும், கடைசியில் உச்சிக் குடுமியும் அதைச் சுற்றிய சூழியும். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, கால் தொடங்கி உச்சி வரை கண்ணால் தடவிப் பார்க்கிற பாட்டு இது. கடைசி இரண்டைத் தவிர ஒவ்வோர் அடியும் "ஆட", "ஆட" என்று முடிவதால் சொல்லும்போது நம் தலையும் தானாக ஆடும்.

இதிலிருந்து நாங்கள் கேட்பது என்ன? சூழி அணிவது எங்கே? தலையில். சுட்டி? நெற்றியில். பொருத்துக, ஒரு மதிப்பெண். முடிந்தது.

ஒரு செய்யுளுக்கு இரண்டு பீரியட் கிடைத்தால் பெரிது. நூல்வெளி, சொல்லும் பொருளும், பாடலின் பொருள், இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், மதிப்பீடு என்று வரிசையாகப் போனால் பாட்டு எங்கே வருகிறது? முதல் பீரியடில் வாய்விட்டுப் படிப்பது மட்டும், கேள்வியே கிடையாது என்று வைத்துக்கொண்டால் என்ன? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


கடைசி பெஞ்ச் எழுதியது:

டீச்சர், நான் பள்ளியை விட்டு வந்து வருஷம் பல ஆச்சு. ஆனால் இப்போது நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் நயம் பாராட்டுவேன். "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை." "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை." "சந்தம் தமிழுக்குச் சொந்தம் என்பதற்கேற்ப இப்பாடல் இனிய சந்த நயத்துடன் அமைந்துள்ளது." எந்தப் பாட்டு வந்தாலும் இதே பதில். பாட்டைப் படிக்காமலே எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன். முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இரண்டு சொல்லை அடிக்கோடிட்டால் போதும்.

இதில் கொடுமை, "அணியற்ற கவிதை பணியற்ற வனிதை" என்றும் எழுத வைத்தார்கள். பணி என்றால் நகை, வனிதை என்றால் பெண். பெண்கள் பள்ளியிலும் இதைத்தான் எழுதினார்களாம். என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

என்னைக் கேட்டால் மனப்பாடத்தையே தூக்கிவிடலாம்.


ஓய்வுபெற்ற தமிழய்யா எழுதியது:

தம்பி கடைசி பெஞ்ச், வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பாட்டே படிக்காமல் பாராட்டுவது எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அந்தக் குற்றத்தை மனப்பாடத்தின் தலையில் கட்டாதீர்கள். நெஞ்சில் கிடக்கிற பாட்டு வேறு, புத்தகத்தில் கிடக்கிற பாட்டு வேறு. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்தில் அந்தாதியும் பிள்ளைத்தமிழுமாகத்தான் அடுக்கடுக்காகக் கேட்டார். கேட்டது முதலில், நெஞ்சில் நின்றது பிறகு. இன்றைக்கு அந்த வரிசைதான் தலைகீழாகிவிட்டது. காதில் விழாததை மனத்தில் ஏற்றச் சொல்கிறோம்.

சாக்பீஸ் அம்மா, நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பாரி மகளிர் பாட்டு, புறநானூறு 112.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

மொத்தமே ஐந்து அடி. நூல் பெயர் சொல்ல மாட்டேன், பாரி யார் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று முறை மெதுவாகப் படிப்பேன். பிறகு பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து அன்றைய நிலவை இடப்பக்கமும் இன்றைய நிலவை வலப்பக்கமும் எழுதுவேன். "இரண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுவேன்.

முதலில் அ, இ என்பார்கள். பிறகு உடையேம், இலம் என்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் யாராவது ஒரு பிள்ளைக்குப் பிடிபடும். இடப்பக்கம் அப்பா முதலில் வருகிறார், குன்று அடுத்து. வலப்பக்கம் குன்று முன்னால் வந்துவிட்டது, அப்பா கடைசிக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் வகுப்பு யோசிக்கும். சொல்ல வாய் வராததை யாரும் கடைசியில்தானே சொல்வார்கள்? பாட்டும் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பிறகுதான் மூவேந்தர் முற்றுகை, சூழ்ச்சியால் பாரி வீழ்ந்த கதை எல்லாம் சொல்வேன். அதைக் கேட்டதும் "வென்றெறி முரசின் வேந்தர்" என்பதில் இருக்கும் குத்தல் அவர்களுக்கே புரிந்துவிடும்.

இத்தனைக்கும் ஒரே பீரியட்தான். மறுநாள் ஒப்பிக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் புத்தகம் பார்க்காமல் சொல்வார்கள்.


விடைத்தாள் எழுதியது:

நானும் தமிழாசிரியைதான். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய் வருகிறவள் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாநயம் பாராட்டும் கேள்விக்கு ஒரு பிள்ளை தலைப்பு எதுவும் போடாமல், பாட்டைத் தன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எதுகை என்ற சொல்லே இல்லை. ஆனால் "இந்தப் பாட்டில் மழை வரும்போது வரியும் வேகமாகிறது" என்று எழுதியிருந்தாள். இதைவிட வேறு என்ன சந்த நயம் வேண்டும்? என் கையில் இருந்த விடைக்குறிப்பிலோ மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று வரிசை. நான் மதிப்பெண் போட்டேன். மேலே சரிபார்ப்பவர் "எதுகை எங்கே?" என்று கேட்டார். இரண்டு நிமிடம் வாதாடினேன், விட்டுவிட்டார். எல்லாத் தாளுக்கும் அப்படி வாதாட முடியாது. கட்டுக்கட்டாகத் தாள் காத்திருக்கும்.

அதனால் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்கிறேன். "உனக்குத் தோன்றியதை எழுது, ஆனால் தலைப்புப் போட்டு எழுது." அழகான வழி இல்லைதான். ஆனால் ரசனையை வளர்க்கிறேன் என்று பிள்ளையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.


சாக்பீஸ் எழுதியது:

தமிழய்யா, பலகையை இரண்டாகப் பிரிக்கும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நன்றி ஐயா.

இன்னொரு தலைவலி. அச்சில் பாட்டு சீர் பிரித்து இருக்கிறது. "செம்பொ னடிச்சிறு" என்று பார்த்ததும் பிள்ளை "செம்பொ" என்று நிறுத்தி, "னடிச்சிறு" என்று தடுக்கி விழுகிறான். "யரைஞா ணரைமணி" வரும்போது வகுப்பே சிரிக்கிறது. பொருள் தெரியாததால் வருகிற சிரிப்பு, அவர்கள் மேல் தப்பில்லை. பலகையில் நான் "செம்பொன் அடிச் சிறு கிண்கிணியோடு" என்று சந்தி பிரித்து எழுதிப் போட்டுவிடுகிறேன். சரியா, தவறா?


நெய்தல் எழுதியது:

தாராளமாகப் பிரித்து எழுதுங்கள். இது ஒன்றும் புதிதில்லை. 1950களிலேயே மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். சாதாரண வாசகன் சங்கப் பாட்டைத் தானே எடுத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பூட்டுப் போட்டுத் தர வேண்டும்?


ஓய்வுபெற்ற தமிழய்யா எழுதியது:

இதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பிரித்தால் பொருள் கிடைக்கும், ஓசை போய்விடும். கம்பனில் சூர்ப்பணகை வருகிற பாட்டைப் பிரித்துப் படித்துப் பாருங்கள், அவள் வரவே மாட்டாள்.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

ஞ்ச, ஞ்ச என்று காலை எடுத்து வைக்கும் சத்தம் வருகிறதல்லவா? மயில் என்கிறான், அன்னம் என்கிறான், கொடி என்கிறான். நாமும் அழகில் மயங்கித் தலையாட்டிக்கொண்டே போகிறோம். அதே தாளத்தில், சுருதி மாறாமல், "நஞ்சமென" என்று ஒரு சொல்லை நுழைத்துவிடுகிறான். நாம் கவனிப்பதற்குள் அவள் வந்து நின்றுவிடுகிறாள்.

ஆகவே ஆசிரியர் வாய் சீர் பிரித்துச் சொல்லட்டும். பிள்ளையின் கண் சந்தி பிரித்ததைப் பார்க்கட்டும். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்!


பத்தாவது பி எழுதியது:

நான் ஸ்டூடன்ட். இந்தக் குழுவில் நான் இருக்கலாமா தெரியவில்லை. ஐயா போட்ட சூர்ப்பணகைப் பாட்டை நாலு தடவை சத்தமாகப் படித்தேன். அம்மா ரூமுக்குள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாட்டு செம.

எங்கள் டியூஷனில் செய்யுளை எல்லாம் சினிமா டியூனில் பாடித்தான் மனப்பாடம் செய்வோம். சீக்கிரம் ஏறிவிடும். ஆனால் பரீட்சையில் பாதியில் சினிமா வரி வந்துவிடும். அதை அடித்துவிட்டு எழுதுவோம். இது தப்பா?


கடைசி பெஞ்ச் எழுதியது:

தப்பே இல்லை தம்பி. எங்கள் காலத்திலும் இதேதான். டியூன் மட்டும் பழசு.


யாழ்தேவி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட பள்ளிக்கூடங்களில் தமிழ்மொழித் தினப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாகப் போய் அகில இலங்கை மட்டம் வரை நடக்கும். அதில் பாவோதல் என்று ஒரு பிரிவு. பிள்ளை மேடையில் நின்று பாட்டை ஓத வேண்டும். இராகம் போட்டுப் பாடினால் போதாது. எந்த இடத்தில் நிறுத்துகிறது, எந்தச் சொல்லை அழுத்துகிறது, உணர்ச்சி சரியாக வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பொருள் விளங்காத பிள்ளை எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று தெரியாமல் முழிக்கும். பொருள் விளங்கியதா என்று தனியாக வினாத்தாள் வைக்கத் தேவையில்லை.

குறையும் உண்டு. வகுப்பில் குரல் நன்றாக இருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தெரிவுசெய்து அவர்களுக்கு மட்டும் பழக்குவார்கள். மற்றப் பிள்ளைகள் கைதட்டத்தான். சாக்பீஸ் டீச்சர் சொல்கிற முதல் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஓத வேண்டும், கட்டைக் குரல் உள்ளவனும் ஓத வேண்டும். அப்படிச் செய்தால் எங்கட போட்டியைவிட அது மேல்.

தம்பி பத்தாவது பி, சினிமா மெட்டில் பாடினால் உங்களுக்குப் பாட்டு நினைவில் நிற்காது, மெட்டுத்தான் நிற்கும். அதனால்தான் பாதியில் சினிமா வரி வந்து விழுகிறது. பாட்டுக்கே ஒரு நடை இருக்கிறது. மேசையில் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கோ.


ஒண்ணாம் நம்பர் பஸ் எழுதியது:

நான் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எடுக்கிறேன். பாடத்தில் இல்லாத பாட்டு ஒன்றை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கொடுப்பது என் வழக்கம். குறிப்பு எழுதக் கூடாது, பரீட்சைக்கு வராது. போன மாதம் குறுந்தொகை 167 கொடுத்தேன், கூடலூர் கிழார் பாட்டு.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

புதுக்குடித்தனம். தயிர் பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்கக்கூட நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே கிண்டிச் சமைத்த புளிக்குழம்பு. நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு. வளர்த்தவள் கண்ணுக்குத்தான் புடவைக் கறை தெரியும் இல்லையா?

வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. "குழம்பு நல்லா இருந்துச்சுன்னு பாட்டுல எங்கயும் இல்ல மிஸ், அவன் சொன்னான்னு மட்டும்தான் இருக்கு" என்றான் ஒருவன். "அவன் ஏன் ஒரு கை உதவி பண்ணல?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கடைசி அடியில் விரல் வைத்துக்கொண்டு, "அவ சந்தோஷப்பட்டான்னு இல்ல, அவ முகம் சந்தோஷப்பட்டுச்சுன்னுதான் இருக்கு. வாய்விட்டுச் சிரிக்கக்கூட இல்ல போல" என்றாள். எனக்கே தோன்றாத இடம் அது. மணி அடித்தும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.


நெய்தல் எழுதியது:

பாட்டு அருமைதான். ஆனாலும் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு, புகையில் வெந்து சமைத்துப் போட்டுக் கணவன் பாராட்டுக்குக் காத்திருப்பதை அழகு என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சங்கப் பாட்டில் வேறு எவ்வளவோ இருக்கிறது.


ஒண்ணாம் நம்பர் பஸ் எழுதியது:

அழகு என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லையே. பாட்டைக் கொடுத்தேன், அவர்களே கேள்வி கேட்டார்கள். "அவன் ஏன் உதவவில்லை" என்று கேட்ட பிள்ளை அந்தப் பாட்டைத்தான் இன்னும் நினைவு வைத்திருக்கிறாள். கருத்து சரியாக இருக்கிற பாட்டை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் அது நீதிபோதனை வகுப்பாகிவிடும். ஏற்கெனவே எல்லாப் பாட்டுக்கும் கீழே "இப்பாடல் உணர்த்தும் நீதி யாது?" என்று ஒரு கேள்வி தொங்குகிறது.


நெய்தல் எழுதியது:

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே பாட்டை "இல்லறத்தின் மாண்பு" என்று நடத்திவிட்டுப் போகிற வகுப்புகள்தான் அதிகம். உங்கள் வகுப்பு விதிவிலக்கு.


சாக்பீஸ் எழுதியது:

இன்று முதல் பீரியடில் செங்கீரையைச் செய்து பார்த்தேன். யாழ்தேவி சொன்னபடி வரிசைக்கு ஓர் அடி, மேசையைத் தட்டிக்கொண்டு. சத்தம் அதிகமாகிப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "பட்ட நுதற்பொலி பொட்டொடு வட்டச் சுட்டி பதிந்தாட" வரும் வரிசைக்குத்தான் கொண்டாட்டம். நாக்குப் புரளப் புரள வேகம் கூட்டிக்கொண்டே போனார்கள். பிறகு வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் யார் என்று கேட்டேன். ஒரு பெண் தன் அக்காவின் குழந்தைக்கு அரைஞாண் மட்டும்தான் உண்டு, மீதி எல்லாம் அடகில் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

"ஆதி வயித்திய நாத புரி" என்பது வைத்தீசுவரன்கோயில் என்றதும் பின்னாலிருந்து ஒருவன், "அங்கதான் டீச்சர் எனக்கு மொட்டை போட்டாங்க" என்றான். முத்துக்குமாரசாமி யார் என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் தலைமையாசிரியர் கேட்டது ஒன்றுதான்: "போர்ஷன் எதுவரைக்கும் வந்திருக்கு?" இலக்கணக்குறிப்பு பாக்கி. நாளைக்கு இரண்டாம் பீரியடில் ஓட வேண்டும்.


விடைத்தாள் எழுதியது:

ஓடுங்கள் டீச்சர். எல்லாச் செய்யுளுக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது. பருவத்துக்கு இரண்டு மூன்று பாட்டுக்குச் செய்தாலே போதும் என்பது என் கணக்கு. தேம்பாவணிக்கும் கண்ணதாசனின் காலக்கணிதத்துக்கும் செய்யலாம். கண்ணதாசன் பாட்டைப் பிள்ளைகள் தாங்களே ஏற்ற இறக்கத்தோடு படித்துவிடுவார்கள், நாம் ஒதுங்கி நின்றால் போதும்.


பத்தாவது பி எழுதியது:

மிஸ், உங்களிடம் ஒரு டவுட். "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று படம் கொடுத்துக் கவிதை கேட்பார்கள் இல்லையா? கைடில் ஒரு கவிதை இருக்கிறது. மரம், மழை, உழவர் எது வந்தாலும் அதிலேயே ஒரு சொல்லை மாற்றிப் போடலாம் என்று டியூஷனில் சொன்னார்கள். நானே சொந்தமாக எழுதினால் மார்க் குறைப்பார்களா?


விடைத்தாள் எழுதியது:

குறைக்க மாட்டார்கள் தம்பி, தைரியமாக எழுது. அந்த கைடு கவிதையை நாங்கள் ஒரே கட்டில் எத்தனை முறை படிக்கிறோம் தெரியுமா? சொந்தமாக எழுதிய தாள் வந்தால் எங்களுக்கும் தூக்கம் கலையும். படத்தில் இருப்பதைப் பற்றி எழுது, எழுத்துப்பிழை பார்த்துக்கொள். முக்கியமாக ர, ற.